அரைக் கரண்டி

புத்தாண்டின் முதல் நாள்
முப்பத்தெட்டு கொழுக்கட்டைகள்.
நான் எண்ணவில்லை,
என் மைத்துனி எண்ணினாள்.
ஆட்டுக்கறியும் வால் கொழுப்பும் திணித்து
ஆவியில் வெந்த பூஸ்.
ஐந்தாவதை வேண்டாமென்றால்
அந்த வீட்டுக்கு ஆண்டு முழுக்க முகம் வாடும்.
உலான்பாட்டரில் எங்களுக்கு
உறவு வீடுகள் பதினொன்று.

மூன்றாம் நாள் இரவு
டிராலிபஸ்ஸைப் பணிமனையில் நிறுத்திவிட்டு
இருக்கையிலிருந்து எழுந்தால்
கண்ணாடி முழுக்க மின்மினி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மின்மினிக்கு இங்கே என்ன வேலை?

மருத்துவமனை வரிசையில்
பாதி நகரம்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
நர்ஸ் ஒட்கோன்ஜர்கல் கைப்பட்டையை இறுக்கினாள்,
எண்ணைப் பார்த்தாள்,
மறுபடி இறுக்கினாள்.
"நூற்று எழுபத்தாறு.
தேநீரில் எவ்வளவு உப்பு போடுவீர்கள்?"
"தேவையான அளவு."
"யாருக்குத் தேவையான அளவு?"

எங்கள் வீட்டில் தேநீர் போடுவது சென்கே.
இருபத்தாறு வருடமாக அதே பித்தளைக் கரண்டி.
குவியலாக ஒன்று,
பிறகு கை தவறியதுபோல் இன்னும் கொஞ்சம்.
அரைக் கரண்டி என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சாவுச் செய்தி கேட்டவர்போல்
அடுப்பை அணைத்தார்.

முதல் வாரம் அந்தத் தேநீர்
பாத்திரம் கழுவிய தண்ணீர்.
குடித்துவிட்டு இருவரும்
ஜன்னலைப் பார்த்தபடி இருந்தோம்.
ஜன்னலிலும் ஒன்றுமில்லை, பனிக்கட்டிதான்.

மிச்சமிருந்த மாவில் செய்த பூஸுக்குள்
பாதிக்குப் பாதி முட்டைக்கோஸ், காரட்.
மகன் தெமூலென் ஒன்றைப் பிட்டுப் பார்த்து,
"உள்ளே ஆடு எங்கே?" என்றான்.
"ஆடு வெளியே போயிருக்கிறது.
அதன் தீனிதான் உள்ளே" என்றேன்.
மைத்துனி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்,
அவர்கள் வீடு
உப்புச்சப்பில்லாமல் போய்விட்டதென்று.

ஒழுங்காகப் போயிற்று என்றால் பொய்.
ஒன்பதாம் நாள் கடைசி நிறுத்தத்தில்
பத்து நிமிட ஓய்வு.
இன்னொரு வண்டியின் ஹாஷ்பாத்
தன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.
அந்த ஆவி!
மூன்று கிண்ணம்.
உதட்டை நக்கிக்கொண்டே ஓட்டி வந்தேன்,
ஒவ்வொரு சிவப்பு விளக்கும்
நர்ஸின் முகமாக எரிந்தது.
சென்கேயிடம் சொல்லவில்லை.
மாவு டப்பாவுக்குப் பின்னால்
அவர் வைத்திருந்த சின்னப் பொட்டலத்தைப் பற்றி
நானும் கேட்கவில்லை.

பிறகு எந்த நாள் என்று நினைவில்லை.
விடிய இரண்டு மணி நேரம் இருந்தது,
நிலக்கரிப் புகை
எங்கள் நான்காம் மாடிவரை ஏறி நின்றது.
கிண்ணத்தை இரு கையாலும் வாங்கி
ஒரு வாய் குடித்தேன்.
அதில் ஒரு மாடு இருந்தது.

இத்தனை வருடம் உப்புக்கு அடியில்
குரல் காட்டாமல் நின்ற மாடு.
பாலில் காய்ந்த புல்லின் வாசனை,
அடிநாக்கில் இருக்கிறதோ இல்லையோ என்று ஓர் இனிப்பு,
தேயிலையின் துவர்ப்பு தனியே.
சென்கே தன் கிண்ணத்துக்குள்
ஏதோ விழுந்துவிட்டதுபோல்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
"பால் மாற்றினீர்களா?"
"அதே பால்தான்."

போன வாரம் நூற்று ஐம்பத்தெட்டு.
"பரவாயில்லை" என்றாள் ஒட்கோன்ஜர்கல்,
பேனாவை மூடாமல்.
மைத்துனி இன்னும் போன் எடுக்கவில்லை.

இன்று காலை சென்கே
கரண்டியில் உப்பை அள்ளி
கத்தி முதுகால் வழித்து,
பாதியைக் கோடு கிழித்து ஒதுக்கினார்.
ஒரே ஒரு கல் மேசையில் உதிர்ந்தது.
சற்று நேரம் அதையே பார்த்தார்.
விரல் நுனியால் ஒற்றி
நாக்கில் வைத்துக்கொண்டார்.

நான் கோட்டுப் பொத்தான்களைப்
போட்டுக்கொண்டிருந்தேன்,
மேலிருந்து கீழாக,
ஒவ்வொன்றாக.